கயிறு பிடிப்பவருக்குத் தனிக் கூலி உண்டா?

வணக்கம். கோலாலம்பூரில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் கிளை வெட்டும் வேலை எடுப்பவர்களிடம் ஒரு விவரம் வேண்டும்.

மேலே ஒருவர், கீழே மூவர். ஏறுபவருக்குக் கூலி அதிகம், அதில் தகராறே இல்லை. கேள்வி கயிற்றுக்காரரைப் பற்றி. வெட்டும் கிளையில் கட்டி, மேலே கப்பி வழியாகக் கீழே வரும் கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு, வெட்டிய கிளை விழும்போது கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு மெதுவாக இறுக்கி நிறுத்த வேண்டும். சட்டென்று இறுக்கினால் அதிர்ச்சி முழுதும் கப்பி கட்டிய கவட்டைக்குப் போகும். ஏறியவரும் அதே மரத்தில்தான் தொங்குகிறார். சுற்று குறைந்தால் கயிறு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஓடிவிடும். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவரை அங்கே நிறுத்தவே கூடாது. கயிற்றுக்காரருக்கும் இலை அள்ளுபவருக்கும் ஒரே நாள்கூலி என்பது நியாயமாகப் படவில்லை.

குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வாரம் ஆறு நாள் வேலையென்றால் நாளுக்கு 65.38. கயிற்றுக்காரருக்கு அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? பிற்பகல் இடிமழையில் ஏறியவர் இறங்கிவிட்டால், கீழே இருப்பவர்களுக்கு அரைநாளா, முழுநாளா? காலையில் கயிறு சோதித்து ரம்பம் தீட்டும் நேரத்தையும் கூலியில் சேர்க்கிறீர்களா? தொகையோடு எழுதினால் பெரிய உதவி.