பர்மா உளுந்தும் டாலருக்கு இரண்டு விலையும்

சரக்குக் கணக்கு:
இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாவுடையது. சென்னைக்கு என்ன டாலர் விலை என்று மட்டும் பார்த்தால் அங்கே ராணுவம் எங்கே கை வைக்கிறது என்பது தெரியாது. 2022 ஏப்ரலில் பர்மாவின் மத்திய வங்கி ஓர் உத்தரவு போட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் டாலரை ஒரே வேலை நாளுக்குள் டாலருக்கு 1,850 கியாட் (பர்மா நாணயம்) வீதத்தில் மாற்றிவிட வேண்டும். அந்த ஆகஸ்டில் வீதம் 2,100 ஆனது. ஏற்றுமதியாளர் 65% மாற்றினால் போதும் என்றார்கள்.

2022-இன் அந்த விதிப்படி, ஒரு பேச்சுக்கு, டன் 900 டாலர். அதில் 585 டாலர் கட்டாயமாக மாறும். வெளிச்சந்தையில் டாலர் 2,800 என்றால், டாலருக்கு 700 வீதம் டன்னுக்கு 4,09,500 கியாட் நஷ்டம். ஏற்றுமதியாளர் இதைத் தன் பையிலிருந்து கொடுக்க மாட்டார், கொள்முதல் விலையில் கழித்துவிடுவார். கடைசியில் அடிபடுவது உளுந்து விதைத்தவர்.

பழைய பேரேடு:
மலிவாகப் பிடுங்கிய டாலர் யாருக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். எரிபொருளோ சமையல் எண்ணெயோ இறக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அப்போது சீட்டு கிடைத்தவருக்கு டாலர் 2,100-க்குக் கிடைத்தது, மற்றவருக்குச் சந்தை விலைக்கு. நடுவில் நின்ற 700 கியாட்டில்தான் லஞ்சம் பேசப்பட்டது. அந்நியச் செலாவணிக் குழுவுக்குத் தலைவராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் மோ மியின்ட் துன்னுக்கே 2023 அக்டோபரில் ராணுவ நீதிமன்றம் ஊழலுக்காக 20 ஆண்டு தண்டனை கொடுத்தது. ஆளை மாற்றினார்கள், இரட்டை வீதத்தை விடவில்லை.

இது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். 2012 ஏப்ரல் வரை அரசு ஏட்டில் டாலர் சுமார் 6 கியாட், கடைத்தெருவில் பல நூறு. ஆயிரத்தைத் தாண்டிய காலமும் உண்டு. தாய்லாந்துக்கு விற்ற எரிவாயுவில் 10 கோடி டாலர் வந்தால் ஏட்டில் ஏறுவது 60 கோடி கியாட். ஆயிரம் என்ற விலையில் அது 10,000 கோடி. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பங்கு பிரிக்கும் கணக்கில் அந்த 60 கோடிதான் தெரியும்.

துறைமுக வாசல்:
வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இந்தக் கட்டாய மாற்றத்திலிருந்து தப்ப, ஏற்றுமதியாளர்கள் 900 டாலர் சரக்குக்குப் பில்லில் 600 டாலர் எழுதி மீதி 300-ஐ வெளிநாட்டுக் கணக்கில் கேட்பார்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், சுங்கச் சட்டப்படி குற்றம். சரக்கு நனைந்தோ வண்டு விழுந்தோ வந்தால் காப்பீட்டுக்காரர் பார்ப்பது பில் தொகையை. அந்த 300-ஐ எவரிடமும் கேட்க முடியாது.

பணம் எந்த வங்கி வழியாகப் போகிறது என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். ராணுவத்தின் இரு பெரும் நிறுவனங்களான எம்.இ.எச்.எல்., எம்.இ.சி. இரண்டும் 2021 மார்ச் முதல் அமெரிக்கத் தடையில் உள்ளன. குறைந்தது 106 தொழில்கள் அவற்றுக்குச் சொந்தம் என்று 2019-இல் ஐ.நா. உண்மை அறியும் குழு சொன்னது. 2023 ஜூனில் பர்மா அரசின் வெளிநாட்டு வர்த்தக வங்கியும் அந்த அமெரிக்கத் தடைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த வழியில் அனுப்பும் டாலர் இடையிலேயே முடங்கலாம், அதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும்.