புதுப்பிப்பு: சவுக்கு போன்சாயின் வேர் முடிச்சுகள் நோயல்ல

தொட்டியில் வளரும் சவுக்கு போன்சாயின் வேர்களில் பவளக்கொத்தைப் போன்ற பழுப்பு நிற முடிச்சுகள் இருப்பதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழு, அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் கழலை, நன்மை தரும் முடிச்சு என மூன்று ஊகங்கள் வந்தன. மூன்றாவதே சரி.

முடிவுக்கு உதவியது, முடிச்சை விரலால் மெல்ல நெம்பிப் பார்க்கச் சொன்ன யோசனைதான். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கொத்து, வேருக்குச் சேதமின்றித் தனியாகக் கழன்று வந்தது. அதன் மடல்களின் நுனியிலிருந்து மெல்லிய வேர்கள் மேல்நோக்கி வளர்ந்திருந்தன. பிராங்கியா என்னும் நுண்ணுயிர் சவுக்கு வேரில் குடியேறிக் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும்போது (அதாவது செடிக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும்போது) உருவாகும் முடிச்சுகளுக்கு இவையே அடையாளம். ஆகவே எஞ்சியவற்றை வெட்டவில்லை. மிகுதியான நைட்ரஜன் முடிச்சு உருவாவதைத் தடுக்கும் என்பதால் உரத்தை மட்டும் குறைத்தேன்.

எதிர்பாராதது என்னவென்றால், அதே சோதனையைப் பக்கத்துத் தொட்டியின் அத்தி மரத்தில் செய்தபோது வீக்கங்கள் கழலவே இல்லை, ஏனெனில் வேரே உப்பியிருந்தது. ஒன்றைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது முத்து வெண்மையில் மிகச்சிறிய உருண்டைகள் தெரிந்தன. அவை பெண் நூற்புழுக்கள். மேற்கிளையிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதிய மண்ணில் பதியம் வைத்துவிட்டு, பழைய செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்தினேன். இரண்டு தொட்டிகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்திய கத்தரிக்கோலையும் கழுவிவிட்டேன். சவுக்கின் வேர்களில் இதுவரை அத்தகைய வீக்கம் தென்படவில்லை.