சொந்த டொமைனுக்கு வரும் மின்னஞ்சல்: கடைக்கொரு முகவரி

எங்கள் குடும்ப டொமைனுக்கென்று (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) தனி அஞ்சல்பெட்டி கிடையாது. வருவதையெல்லாம் கிளவுட்ஃப்ளேரின் இலவச ரூட்டிங் சேவை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுகிறது. மின்கட்டணத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று என இடத்துக்கொரு முகவரி கொடுப்பது என் வழக்கம். போன ஆண்டு ஒரு மரச்சாமான் கடையில் பில் போடும்போது மின்னஞ்சல் கேட்டார்கள். கடையின் பெயரையே @ குறிக்கு முன்னால் வைத்துச் சொன்னேன். சில வாரங்களில் அந்த முகவரிக்குக் கடன் விளம்பரங்கள் வரிசைகட்டி வந்தன. விற்றார்களோ, திருட்டுக் கொடுத்தார்களோ, கசிந்த இடம் அதுதான். அந்த முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் விதியை மட்டும் அணைத்தேன்; மற்ற அஞ்சல்கள் வழக்கம்போல் வருகின்றன.

எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் 'கேட்ச்-ஆல்' வசதியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்கள் இன்ஃபோ, சேல்ஸ், அட்மின் என்று வாய்க்கு வந்த பெயர்களையெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். அத்தனையும் உள்ளே வந்து விழும். தேவையான முகவரிகளை மட்டும் திறந்து வையுங்கள். போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் இரண்டும் அவற்றில் இருக்கட்டும்; அஞ்சல் கோளாறுகளையும் முறைகேடுகளையும் தெரிவிப்பதற்கென்று, 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2142 என்ற இணைய ஆவணம் வகுத்த பெயர்கள் அவை.

பதில்: அண்ணா, எங்கள் அலுவலகத்திலும் இதே முறைதான். ஆனால் திருப்பிவிட்ட அஞ்சல் ஸ்பாமில் போய் ஒளிந்துகொள்வது பெரும் தலைவலி. ஒரு வாடிக்கையாளர் விலைப்புள்ளி கேட்டு எழுதியது அப்படித்தான் கிடந்தது. அஞ்சலின் மூலத்தைத் திறந்து பார்த்தோம். எஸ்பிஎஃப் 'ஃபெயில்' என்றிருந்தது. டிகிம், அதாவது அனுப்பும் டொமைன் அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து, அதற்கான வரியே இல்லை. எஸ்பிஎஃப் என்பது, தன் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் இவை என்று ஒரு டொமைன் வெளியிடும் பட்டியல். நடுவில் நின்று திருப்பிவிடும் சர்வர் அதில் எப்படி இருக்கும்? எஸ்ஆர்எஸ் என்ற முறையில், திருப்பிவிடும் சர்வர் உறையின் அனுப்புநர் முகவரியை (சர்வர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வது, நம் கண்ணில் படாது) தன் டொமைனுக்கு மாற்றினால் எஸ்பிஎஃப் தேறிவிடும். ஆனால் எஸ்பிஎஃப், டிகிம் முடிவுகளை வைத்து அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிக்கும் டிமார்க் ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கண்ணில் படும் 'ஃப்ரம்' முகவரியை. அங்கே கைகொடுப்பது டிகிம் கையெழுத்துதான். அது அஞ்சலோடேயே பயணம் செய்யும்; வழியில் யாரும் உள்ளடக்கத்தில் கைவைக்காதவரை செல்லுபடியாகும். அடியில் ஒரு எச்சரிக்கை வரி சேர்த்தாலும் பெரும்பாலும் உடைந்துவிடும். அனுப்புகிறவர் டிகிம் வைக்கவில்லையென்றால் நாம் செய்யக்கூடியது குறைவு. அதனால் வாடிக்கையாளர்கள் எழுதும் முகவரியை டொமைனோடு சேர்த்து ஜோஹோ மெயிலுக்கு மாற்றி, நேரடிப் பெட்டியாக்கிவிட்டோம்.

பதில்: இப்படிச் சேவை மாறுகிறவர்கள் பழைய எம்எக்ஸ் பதிவுகளை (டொமைனின் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) விட்டுவைக்க வேண்டாம். எண் குறைந்த பதிவுக்குத்தான் முதல் உரிமை. இரண்டு நிறுவனங்களின் பதிவுகளும் ஒரே எண்ணில் இருந்தால் அஞ்சல் பாதி அங்கும் பாதி இங்கும் போகும். மாற்றுவதற்கு முந்தைய நாளே டிடிஎல்லை (பிற சர்வர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று. டொமைன் பதிவுக் கணக்கின் மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல்கூட உங்களை வந்து சேராது. பிறகு அதை வாங்குகிறவருக்கு உங்கள் கடவுச்சொல் மீட்பு அஞ்சல்கள் எல்லாம் போய்ச் சேரும்.