மறு: ‘ஹாஃப் ஸ்லீவ்’ டாட்டூவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். நம் பச்சைகுத்துச் சொற்பட்டியலில் ஹாஃப் ஸ்லீவுக்கு நான் சொன்ன ‘அரைக்கைப் பச்சை’ பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

> ‘அரைக்கைப் பச்சை’ என்றால் பாதிக் கையில் குத்திய பச்சை என்றுதானே பொருள் வரும்? ‘புயப்பச்சை’ இன்னும் துல்லியமாக இல்லையா?

துல்லியம்தான் ஐயா, ஆனால் இடத்தை மட்டும்தான் சொல்கிறது. புயத்தில் ஒரே ஒரு தேளைக் குத்திக்கொண்டவரும் புயப்பச்சைக்காரர்தான். ஹாஃப் ஸ்லீவ் அப்படி இல்லை. தோளில் தொடங்கி முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும்; அதற்குள் கையை முழுச்சுற்றாக வளைத்து, வெளிப்பக்கம் பார்த்தாலும் உட்பக்கம் பார்த்தாலும் ஒரே வரைவாகத் தொடரும். தனித்தனி உருக்களை இடைவெளி விட்டு அடுக்கும் ஒட்டுவேலைப் பாணியும் உண்டு. அதிலும் எந்த இடைவெளி எவ்வளவு இருக்கவேண்டும் என்று முன்பே யோசித்திருப்பார்கள். ஆக, சொல்லில் இடத்தைவிடச் ‘சுற்றி மூடுவது’ என்கிற கருத்துதான் முக்கியம்.

அது ‘அரைக்கை’யில் ஏற்கெனவே இருக்கிறது. அரைக்கைச் சட்டை என்று தினமும் சொல்கிறோம். அதைக் கேட்டு யாரும் பாதிக் கையை நினைப்பதில்லை, சட்டையின் கைத்துணியைத்தான் நினைக்கிறோம். அந்தத் துணி கையைச் சுற்றித்தான் இருக்கும், முழங்கைக்கு மேலேதான் முடியும். ஜப்பானியப் பச்சைகுத்துக் கலையிலும் கணக்கு இப்படித்தான் போகிறது. முழங்கைக்கு மேலே நிற்பது ‘கொபு’, அதாவது பத்தில் ஐந்து. முன்கையின் நடுவரை வருவது ‘ஷிச்சிபு’, பத்தில் ஏழு. முக்கால் கை வைத்த உடுப்புக்கும் அங்கே ஷிச்சிபு என்றுதான் பெயர். உடுப்பின் அளவைத் தோலுக்கு மாற்றுவது நமக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை.

> முன்கையில் மட்டும் குத்துவதையும் ஹாஃப் ஸ்லீவ் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

தம்பி, அதை அரைக்கையில் சேர்க்கவேண்டாம் என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை. வரைவுத் திட்டத்திலேயே இரண்டும் வேறு வேறு வேலை. உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, முன்கையின் நடுவில் பேனாவால் நேராக ஒரு கோடு போடுங்கள். அப்புறம் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். முழங்கைப் பக்கம் கோடு அவ்வளவாக நகராது. மணிக்கட்டுப் பக்கம் திருகிக்கொண்டு போய்விடும். ஆரை எலும்பு அரந்தி எலும்பின் குறுக்கே புரள்வதால் வருவது இது. நேராக நிற்கும் தூணோ முகமோ முன்கையில் போட்டால் ஒரு நிலையில் நேராகவும் இன்னொரு நிலையில் முறுக்கியும் தெரியும். அதனால் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் இடம் குறிப்பார்கள். புயத்தில் இந்தத் தொல்லை குறைவு. எனவே ‘முன்கைச் சுற்று’ என்று தனியாகவே வைத்துக்கொள்ளலாம்.

> பச்சை என்றாலே நிறம். சிவப்பு மையில் குத்தினால் ‘சிவப்புப் பச்சை’யா?

ஆமாம் அக்கா, சிவப்புப் பச்சைதான்! கரும்பலகையைப் பச்சை வண்ணத்தில் செய்த பிறகும் அது கரும்பலகையாகத்தானே இருக்கிறது. ‘டாட்டூ’ என்று எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. ‘அரைக்கை டாட்டூ’ தாராளமாக ஓடும்.

சரி, பெயர் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு அரைக்கையைத் திட்டமிடும்போது வாயில் வரும் மற்ற சொற்களுக்குத்தான் அதிகப் பஞ்சம்.

முதலில் ‘விரிபடம்’. கையின்மேல் ஒளி ஊடுருவும் தாளையோ மெல்லிய பிளாஸ்டிக்கையோ சுற்றி, தோள் வளைவையும் முழங்கை எல்லையையும் மார்க்கரால் குறித்து, அக்குள் பக்கமாக வெட்டிப் பிரித்தால் ஒரு தட்டையான வடிவம் கிடைக்கும். தையற்காரர் வெட்டி வைத்த கைத்துணி போல மேலே அகன்று வளைந்திருக்கும், கீழே குறுகியிருக்கும். செவ்வகத் தாளில் அழகாக வரைந்து கொண்டுவரும் படம் கையில் ஏறும்போது ஏன் இழுத்துக்கொண்டு போகிறது என்பது இதைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். ‘வார்ப்புரு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார்; அதைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டாயிற்று. படத்தைத் தோலில் ஒற்றும் ஸ்டென்சில், ஸ்டென்சிலாகவே இருக்கட்டும்.

விரிபடத்தில் முதலில் உட்காருவது ‘தலையுரு’, அதாவது எல்லாவற்றுக்கும் பெரிய உருவம். பெரும்பாலும் அது புயத்தின் வெளிப்பக்கத்துக்குத்தான் போகும், எதிரே வருகிறவர் கண்ணில் படும் பக்கம் அதுதான். உட்பக்கம் தோல் மென்மை, வலியும் கூடுதல், கையைத் தொங்கவிட்டால் உடம்போடு ஒட்டி மறைந்தும் போகும். அங்கே கொண்டுபோய் ஒரு முகத்தை வைப்பது வீண். உருக்களுக்கு நடுவே வரும் மேகம், அலை, இலை இவற்றுக்கு ‘இடைநிரப்பு’ போதும். தசையின் வளைவோடு வரைவு ஓடுவதற்கு ‘ஓட்டம்’. இந்த இரண்டிலும் தகராறு வராது என்று நினைக்கிறேன்.

தகராறு வரக்கூடியது ‘விடுதோல்’. மை ஏற்றாமல் வேண்டுமென்றே விடும் பகுதி. ‘வெற்றிடம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அது வெற்றாக இல்லையே! அந்தப் படத்தில் தோலின் நிறமும் ஒரு நிறம்தான். அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மை தங்குவது மேல்தோலுக்கு அடியில், ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். ஆண்டுகள் போகப் போகக் கோடுகள் கொஞ்சம் தடிக்கும். நெருக்கமாகப் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே போதிய விடுதோல் இல்லையென்றால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து அப்பிக்கொள்ளும். ஊசி ஆழம் தாண்டி மை உடனே பரவிவிடுவது வேறு சங்கதி. அதற்கு ‘மைப்படர்வு’ என்று முன்பே பேசிவிட்டோம்.

கடைசியாக ‘கரை’. எனக்கு இதில்தான் ஆசை அதிகம். வரைவு முழங்கைக்கு மேலே எப்படி முடிகிறது? வெட்டினாற்போலவா, அலை அலையாகவா, சாயம் மெல்ல வெளுத்துத் தோலில் கரைந்தா? ஜப்பானியர் இதை ‘மிகிரி’ என்கிறார்கள், அதில் வகை வகையாகப் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். நமக்கு வேட்டிக்கரையும் சேலைக்கரையும் இருக்கும்போது ‘விளிம்பு முடிப்பு’ எதற்கு? வெட்டுக்கரை, அலைக்கரை, மங்குகரை என்று மூன்றாகப் பிரிக்கலாம். பின்னால் முழுக்கையாக நீட்டும் எண்ணம் இருப்பவர் வெட்டுக்கரை வைத்தால், புது வேலையை அதோடு இணைப்பது பெரும்பாடு. அவருக்கு மங்குகரையோ அலைக்கரையோதான் சரி. இதை முதல் அமர்விலேயே கேட்டு முடிவு செய்யவேண்டும், ஆகவே பட்டியலில் ‘கரை’ தலையுருவுக்கு அடுத்த வரியிலேயே வரட்டும்.

மங்கிப்போன பகுதியில் மறுபடி மை ஏற்றுவதற்கு ‘மறுமை’ என்று வந்த முன்மொழிவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இம்மையிலேயே முடிகிற வேலை அது. ‘மறுபூச்சு’ என்றால் சுவருக்குப் போய்விடுகிறது. வேறு யாரிடமாவது சொல் இருந்தால் அனுப்புங்கள், பட்டியலில் அந்த வரியை இப்போதைக்குக் காலியாக வைத்திருக்கிறேன்.