கார் போர்ச் தரையில் எபாக்சி உரிகிறது, அடுத்து எதைப் பூசலாம்?

சிராங்கூன் பேரன்:
வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் அப்பாவின் பழைய தரைவீடு. கார் போர்ச் 6 மீட்டருக்கு 3.5 மீட்டர் இருக்கும், சிமெண்டுத் தரை. போன டிசம்பரில் ஹார்ட்வேர் கடையில் இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எபாக்சி வாங்கி, நானும் தம்பியும் பூசினோம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி ஒரு ராத்திரி காயவிட்டோம். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று மறுநாள் காலை 7 மணிக்கே ரோலரை எடுத்துவிட்டோம்.

பொங்கல் வரைக்கும் பளபளப்புதான். அப்புறம் டயர் நிற்கும் நான்கு இடத்திலும் பூச்சு பெயர்ந்து டயரோடு போக ஆரம்பித்தது. இடப்பக்கச் சுவரோரம் அம்மை போட்டதுபோல் கொப்புளம். கேட் பக்கம் வெயில் படுகிற பகுதி மஞ்சளாகிவிட்டது. அப்பா தினமும் காரை எடுக்கும்போது, "முன்னாடி தரை நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார்.

இப்போது ஒரு கடைக்காரர் பாலியாஸ்பார்டிக் என்று சீக்கிரம் இறுகும் வேறொரு தரைப்பூச்சைப் போடச் சொல்கிறார். ஒரே நாளில் வேலை முடியுமாம், விலைதான் கூடுதல். நம்பிப் போடலாமா?

காயு அக்கா:
தம்பி, பேசாமல் டைல்ஸ் பதித்துவிடுங்கள். சொரசொரப்பான போர்சலின். ஜாலான் காயு வீட்டில் அதுதான், கழுவினால் போதும். ஒன்று மட்டும், அடியில் கலவை முழுசாக நிரம்பியிருக்க வேண்டும். தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வருகிற டைல்ஸ் கார் ஏறினால் விரிசல் விட்டுவிடும். எங்களுக்கு இரண்டு போயிற்று.

சாணைக்கல்:
எனக்குத் தரைப்பூச்சுதான் தொழில். எதைப் பூசுவது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் டயர் இடத்தில் உரிந்த சில்லு ஒன்று, சுவரோரத்தில் ஒன்று எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறச் சிமெண்டுப் பொடி ஒட்டியிருக்கிறதா, வழவழவென்று சுத்தமாக இருக்கிறதா, ஈரமா?

சிராங்கூன் பேரன்:
பார்த்தேன் அண்ணே. டயர் இடத்துச் சில்லில் மாவு தடவியதுபோல் சாம்பல் பொடி. சுவரோரக் கொப்புளத்தைக் குத்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர் வருகிறது!

சாணைக்கல்:
அப்படியானால் உங்களுக்கு ஒரு வியாதி இல்லை, மூன்று.

டயர் இடம்: கான்கிரீட் போட்டபோது மேலே மிதந்து காய்ந்த சிமெண்டுப் பால் ஏடு அப்படியே இருந்திருக்கிறது. எபாக்சி அதைத்தான் பிடித்திருக்கிறது. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், பூச்சு இளகும். ஆறும்போது டயர் சுருங்கி, ஒட்டிய பூச்சை ஏட்டோடு சேர்த்து இழுத்துவிடும். சோப்புக்கு அந்த ஏடு போகாது. வைரச் சாணை மெஷின் போட்டுத் தேய்த்தால்தான் போகும். தேய்த்தபின் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாக நின்றால் பழைய எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது. உடனே குடித்துவிட்டால் தரை தயார்.

மஞ்சள்: எபாக்சியின் குணம் அது, வெயிலில் புறஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். மேல்பூச்சாக அலிஃபாட்டிக் பாலியூரிதேனோ பாலியாஸ்பார்டிக்கோ போட்டால் நிறம் நிற்கும். கடைக்காரர் சொன்னது இந்த அளவுக்குச் சரி. ஆனால் சாணை பிடிக்காத தரையில் பாலியாஸ்பார்டிக்கும் இதே மாதிரிதான் உரியும். சீக்கிரம் இறுகுவதால் உள்ளே ஊற நேரமும் குறைவு.

சுவரோரம்: அடியிலிருந்து ஈரம் வருகிறது. 45 செண்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் ஷீட்டை உரிந்த இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, கேட் பக்கம் ஒன்று.

புக்கிட்வாசி:
மெஷின் வாடகை எதற்கு? ஆசிட் ஊற்றித் தேய்த்தால் 20 வெள்ளியில் முடிந்துவிடுமே.

சாணைக்கல்:
கழுவும் தண்ணீர் எங்கே போகும்? வாசல் சாக்கடை மழைநீருக்கானது, பெரும்பாலும் நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேரும். அதில் ஆசிட்டை விட்டால் குற்றம். அதோடு, ஏற்கெனவே எபாக்சி மூடிய இடத்தில் ஆசிட் கான்கிரீட்டைத் தொடவே தொடாது. சாணை பிடிக்கும்போது தூசு உறிஞ்சும் மெஷினும் நல்ல முகமூடியும் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

சிராங்கூன் பேரன்:
ஷீட்டைப் பிரித்தேன். நடுவிலும் கேட் பக்கமும் காய்ந்திருக்கிறது. சுவரோரம் உள்பக்கம் முழுக்க வியர்த்துத் தரை கறுத்திருக்கிறது. இப்போதுதான் உறைத்தது: அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மாவின் செங்கல் செடித்தொட்டி. கறிவேப்பிலை மரம். தினமும் இரண்டு வாளி தண்ணீர்.

சாணைக்கல்:
ஊற்று அகப்பட்டுவிட்டது. ஈரம் தாங்கும் எபாக்சி பிரைமர் கிடைக்கும், ஆனால் தினமும் தண்ணீர் இறங்கும் இடத்தில் அதை நம்பிப் பணம் போடச் சொல்லமாட்டேன். தொட்டிக்கு உள்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு அடியுங்கள், வடிகால் துளையை வெளிப்பக்கம் திருப்புங்கள். அந்த ஓரம் 40 செண்டிமீட்டர் மட்டும் எபாக்சி வேண்டாம். சிலேன் வகைச் சீலர் போதும். அது தரைக்குள் ஊறிவிடும், மேலே தோல் கட்டாது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகப் போகும்.

மீதித் தரைக்கு: சாணை, எபாக்சி பிரைமர், கரைப்பான் கலக்காத எபாக்சி ஒரு கோட், அது ஈரமாக இருக்கும்போதே குவார்ட்ஸ் மணல் தூவல், மேலே பாலியூரிதேன். மணலை விட்டுவிடாதீர்கள், மழையில் கேட் பக்கம் அப்பா வழுக்கி விழுவார்.

இன்னொன்று, காலை 7 மணி வேண்டாம். இங்கே அந்த நேரத்தில் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேலே போகும். தரையின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு) 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும், இல்லையென்றால் எபாக்சி மேல் பிசுபிசுவென்று வெள்ளைப் படலம் கட்டும், அடுத்த கோட் ஒட்டாது. மழையில்லாத நாளாகப் பார்த்து 11 மணிக்குத் தொடங்குங்கள். டிசம்பர், ஜனவரி வேண்டவே வேண்டாம். கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறி இறுகிவிடும், உடனே தரையில் ஊற்றிப் பரப்புங்கள். முடிந்தபின் ஒரு வாரம் கார் ஏற்றாதீர்கள்.

காயு அக்கா:
ஒரு வாரம் காரை எங்கே நிறுத்துவது, தெருவிலா? அதற்கு டைல்ஸே மேல்.

சிராங்கூன் பேரன்:
டைல்ஸ் பதித்தாலும் கொஞ்ச நாள் கார் வெளியேதானே அக்கா? நன்றி அண்ணே. அடுத்த மாதம் மெஷின் எடுக்கிறேன். தொட்டிக்குள் பூச்சு அடிக்க மரத்தைக் கொஞ்ச நாள் வாளிக்கு மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். காரை வேண்டுமானால் மாற்றிக்கொள் என்றார்.