ஏசி அலசலில் 46 டெசிபல், வெளியீடோ 3.5 வோல்ட்டில்

கடலூர் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்துக்காக லோடு செல் (எடையை மின்னழுத்தமாக மாற்றும் உணரி) தராசு ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார் எங்கள் தெருத் தம்பி. இறுதியாண்டு மாணவர். ஒரு மாலை மடிக்கணினியோடு மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தார். 5 வோல்ட் ஊட்டினால் முழு எடைக்கு 10 மில்லிவோல்ட் தரும் செல். அதை எல்எம்358 என்ற பெருக்கிச் சில்லு வைத்து 200 மடங்கு பெருக்க வேண்டும். அதற்கான மின்தடைகள் 10 கிலோ ஓம், 2 மெகா ஓம். கணக்கு சரி, ஆனால் சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் வெளியீடு பூஜ்யம்.

"மாடலே கெட்டது போலிருக்கிறது, அண்ணா" என்றார்.

சிமுலேஷனில் சில்லுக்குப் பதிலாக நிற்கும் கோப்புதான் மாடல். நான் நெட்லிஸ்டை, அதாவது சுற்றின் உறுப்புகளையும் இணைப்புகளையும் எழுதிய பட்டியலைப் பார்த்தேன். மின்தடைக்கு '2எம்' என்று இருந்தது. ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் நிரலில் பெரிய எம், சிறிய எம் இரண்டும் மில்லிதான். மெகா வேண்டுமென்றால் எம், ஈ, ஜி மூன்றெழுத்தும் வேண்டும். அவர் போட்டிருந்தது 2 மில்லி ஓம்!

திருத்தியதும், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பெருக்கத்தைக் காட்டும் ஏசி அலசலில் 46 டெசிபல் வந்தது. 200 மடங்குக்கு அதுதான் கணக்கு. ஆனால் நேரத்தோடு வெளியீடு மாறுவதைக் காட்டும் டிரான்சியன்ட் அலசலை ஓட்டினால் வெளியீடு 3.5 வோல்ட் அருகே போய் ஒட்டிக்கொண்டது. எடையை மாற்றினாலும் அசையவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் மாடலைக் குறை சொல்லி வேறொன்றை இறக்குகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஏசி அலசல் ஒரு சமநிலைப் புள்ளியைப் பிடித்து அதைச் சுற்றி மட்டுமே கணக்கிடும். அந்தப் புள்ளி நிலைக்குமா என்று கேட்காது. சுற்றாத பம்பரம் ஆணியில் நிற்பதும் அதற்குச் சமநிலைதான். உள்ளீட்டின் பிளஸ், மைனஸ் இடம் மாறிப் பின்னூட்டம் (வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பங்கு) நேர்மறையானாலும் அதே 46 டெசிபலைக் காட்டும். அலை எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று சொல்லும் கட்ட (ஃபேஸ்) வரைபடம்தான் காட்டிக்கொடுக்கும்: உயர் அதிர்வெண்ணில் இறங்க வேண்டிய கோடு ஏறும். தம்பியின் திரையிலும் ஏறியது.

மாடல் கோப்பில் முனைகளின் வரிசை பிளஸ் உள்ளீடு, மைனஸ் உள்ளீடு, மேல் மின்னழுத்தம், கீழ் மின்னழுத்தம், வெளியீடு. அவர் எங்கிருந்தோ எடுத்த சுற்று வரைபடச் சின்னத்தில் முதல் இரண்டும் தலைகீழ். மாற்றியதும் முழு எடைக்கு 2 வோல்ட் வந்தது.

புது மாடல் எதுவானாலும் முதலில் வெளியீட்டை மைனஸ் உள்ளீட்டில் இணைத்து, பிளஸ் உள்ளீட்டில் 1 வோல்ட் கொடுத்து, சில்லுக்கான மின்வழங்கலைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றி டிரான்சியன்ட் ஓட்டிப் பாருங்கள். 1 வோல்ட் வராவிட்டால் முனை வரிசையைப் பாருங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை மட்டும் சிமுலேஷனில் கணக்கிட வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். பழைய மாடல்கள் பலவற்றில் வெளியீட்டு மின்னோட்டம் மின்வழங்கல் முனைகள் வழியே வருவதே இல்லை. அதற்கு நிஜ உறுப்புகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டும் மல்டிமீட்டரும்தான்.