நட்ட அலையாத்திக் கன்றுகள் கோடையில் கருகுவது ஏன்?

கேள்வி – காயற்கரை

அனைவருக்கும் வணக்கம். முத்துப்பேட்டைக் காயலை ஒட்டி, மரமே இல்லாத உப்புத்தரை ஒன்று எங்கள் ஊர்ப்பக்கம் பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் அங்கு நடும் அலையாத்தி (கடலோர உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம்) கன்றுகள் பங்குனி வெயில் ஏறியதும் கருகிவிடுகின்றன. இன்னும் நெருக்கி நட வேண்டும் என்கிறார்கள் சிலர். மண்ணாய்வு முடிவு வரும்வரை எதையும் தொடக்கூடாது என்கிறார்கள் வேறு சிலர். களப்பணி, ஆய்வு, திட்டமிடல் ஆகியவற்றில் எதை முதலில் தொடங்குவது?

பதில் – உவர்நிலம்

சிதம்பரம் அருகேயுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நடந்ததை அறிந்துகொள்வது உங்களுக்கு உதவும். அங்கு ஆங்கிலேயர் காலம் தொட்டுக் காட்டைக் கூறுகூறாகப் பிரித்து மொத்தமாக வெட்டும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்ததால் சேற்றின் ஈரம் வற்றித் தரை தாழ்ந்து நடுவே குழிந்துவிட்டது. கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது புகுந்த கடல்நீர், அது தாழும் வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே முதலில் சீர்செய்தது நீரோட்டத்தைத்தான். இயற்கை ஓடையோடு இணைத்து ஒரு முதன்மை வாய்க்காலையும், அதன் இருபுறமும் மீன்முள் வடிவில் கிளை வாய்க்கால்களையும் வெட்டினார்கள். வாய்க்கால் மேலே அகன்றும் அடியில் ஒடுங்கியும் இருக்கும்; அதன் சரிவில்தான் வெண்கண்டல் என்னும் அலையாத்தி வகை நடப்பட்டது. உப்பு மிகுந்திருக்கிறது என்பதை மண்ணாய்வு சொல்லிவிடும். ஏன் மிகுந்தது என்பதை நீர் வந்து போகும் வழியைப் பார்த்தே அறிய முடியும்.

பதில் – வாய்க்கால்கரை

மேலுள்ள பதிலை ஏற்கிறேன். நம் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை; காயலுக்குள் அது இன்னும் குறைவு. ஆகவே சில சென்டிமீட்டர் மேடுபள்ளமே கன்றின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. மட்டம் பார்க்கக் கொத்தனார் பயன்படுத்தும், நீர் நிரப்பிய டியூப் லெவல் போதும்: அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின்போது முளைக்குச்சிகளில் நீர்மட்டத்தைக் குறித்து, வற்றிய பிறகு எங்கே நீர் தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். தேங்கிய நீரின் உப்பையும் அளந்து பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். கோடையில் அதைவிட வெகுவாகக் கூடியிருந்தால், நெருக்கி நட்டாலும் பயனில்லை. உங்கள் காயலில் கலக்கும் பாமனியாறும் கோரையாறும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின்போதுதான் நன்னீர் கொண்டுவருகின்றன என்பதால், ஐப்பசியில் எடுத்த மண்மாதிரியை மட்டும் நம்பித் திட்டம் தீட்டாதீர்கள். முன்பு எந்த ஓடை திறந்திருந்தது, எது தூர்ந்தது என்பதை மீனவர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் – சதுப்புநிலம்

திட்டத்தைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். அந்த இடம் காப்புக்காடாக இருந்தால், வனத்துறை அனுமதியின்றி மண்வெட்டி வைக்கக்கூடாது. அடுத்து, வெட்டிய வாய்க்கால் வண்டலால் தூர்ந்துபோகும் என்பதால், அதை யார், எந்தப் பணத்தில் தூர்வாருவது என்பதை ஊர்க்குழுவும் வனத்துறையும் முன்கூட்டியே பேசி எழுதிவைக்க வேண்டும். நான் பார்த்த பல திட்ட அறிக்கைகளில் கன்றுகளின் எண்ணிக்கை இருக்கும், இந்த ஒரு வரி இருக்காது. வெற்றிடமெல்லாம் அழிந்த காடு என்றும் எண்ண வேண்டாம்: எக்காலமும் சேற்றுவெளியாகவே இருந்து, வலசைப் பறவைகள் இரைதேடும் இடமாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிடுவதே சரி.